இருபதாம் தேதி லீவு, ஏழாம் தேதி சம்பளம்: நடுவில் யார்?

கேள்வி, 23 நவம்பர் 2025

மலேசியாவில், உத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் செக்ரோல் கிராணியாக, அதாவது ஆட்களின் வேலைக்கும் சம்பளத்துக்கும் கணக்கு எழுதுகிறவனாக, இருக்கிறேன். மூன்று வருஷம் முடிந்துவிட்டது, 12 நாள் லீவு இருக்கிறது. டிசம்பர் 20 முதல் ஜனவரி 5 வரை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாடு போகிறேன். 6ஆம் தேதி காலையில் ஆபிசில் இருப்பேன். டிசம்பர் சம்பளத்தை 7ஆம் தேதிக்குள் போட வேண்டும். லேப்டாப்பைக் கொண்டுபோய் அங்கிருந்தே முக்கால்வாசியை முடித்துவிட்டு, மிச்சத்தை 6ஆம் தேதி வந்து முடிக்கலாம் என்று இருக்கிறேன். யாரிடமும் எதையும் ஒப்படைக்க வேண்டியிருக்காது. இப்படிச் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா?

23 நவம்பர், இரவு

லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போ, தம்பி.

நானும் இதே பக்கத்து ஆள்தான். ஒரு தோட்டத்தில் 27 வருஷமாகக் கிராணி, இப்போது பெரிய கிராணி. நீ சொல்லும் கணக்கில் உனக்கு இருப்பது ஒரே ஒரு நாள். விமானம் தாமதமானாலோ, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலோ, 6ஆம் தேதி காலையில் கம்ப்யூட்டர் திறக்க மறுத்தாலோ அந்த ஒரு நாளும் போச்சு. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கைக்குப் போய்விட வேண்டும் என்று 1955 வேலைச் சட்டம் சொல்கிறது. ‘கிராணி ஊரில் இல்லை’ என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது.

முதலில் மாதத்தை இரண்டாகப் பிரி. 1 முதல் 19 வரை வெட்டின குலை, பொறுக்கின உதிரிப்பழம், மழைக்கு நின்ற நாள் எல்லாவற்றையும் 19ஆம் தேதி மாலைக்குள் மண்டோர்களோடு (மேஸ்திரிகளோடு) உட்கார்ந்து சரிபார்த்துப் பதிவு செய்துவிடலாம். அட்வான்ஸ் பிடித்தம், 25ஆம் தேதி பொது விடுமுறைக்கான கூலி, புது ஆட்களின் வங்கிக் கணக்கு எண், இவற்றையும் முன்கூட்டியே முடிக்கலாம். முடியாதது, நீ போன பிறகு வெட்டப்போகும் குலை. அதை இங்கே இருக்கும் ஒரு ஆள்தான் எழுத முடியும். வாட்சாப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, கும்பகோணத்தில் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து ஒருவன் மண்டோர் கையெழுத்தைப் படிப்பது நடக்கிற காரியமா? மழையில் நனைந்த சீட்டில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் நேரில் பார்த்தாலே தெரியாது.

ஆளைப் பிடி. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. செய்கிற வேலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி அவர் கையில் கொடு.

24 நவம்பர், காலை

ஒன்றை விட்டுவிட்டேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) கட்டுவது இந்த அக்டோபர் சம்பளத்திலிருந்துதான் வந்தது, முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. நமக்கே பழக்கம் ஆகாத வேலை. உன் இடத்தில் உட்காரப்போகிறவருக்குச் சுத்தமாகத் தெரியாது. டிசம்பர் சம்பளத்துக்கான ஈபிஎப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வேலைக் காப்புறுதி மூன்றும் ஜனவரி 15க்குள். அதற்குள் நீ வந்துவிடுவாய், அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ. ஆனால் சம்பளத்தில் அந்த 2 விழுக்காடு பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிடிக்காமல் முழுச் சம்பளமும் போட்டுவிட்டால் அடுத்த மாதம் தொழிலாளியிடம் போய் நின்று விளக்கம் சொல்வது நீதான்.

26 நவம்பர்

நோட்டுப் புத்தகம் வாங்கு, எல்லாவற்றையும் எழுது என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன். அது உதவவில்லை.

2019 டிசம்பர் கடைசியில் கணவரோடு கும்பகோணம் பக்கம் போனேன், ஜனவரி 9 வரை. போவதற்கு முன்னால் ஏழு பக்கம் எழுதினேன். நல்ல கையெழுத்தில், தலைப்புப் போட்டு, சிவப்புப் பேனாவில் கோடு இழுத்து. எதை எந்தக் கோப்பில் பார்ப்பது, எந்த மண்டோர் சீட்டை எத்தனை மணிக்குக் கொண்டு வருவார், எந்தத் தொழிலாளி பேரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், எல்லாம் இருந்தது. வங்கிக்குப் பணம் அனுப்பும்போது உறுதிசெய்ய வரும் டிஏசி என்ற ரகசிய எண் என் கைப்பேசிக்குத்தான் வரும் என்பது மட்டும் இல்லை. எழுத மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. போன் சிணுங்கும், எண்ணைப் பார்த்து அடிப்பேன், முடிந்தது. பத்து வருஷமாக விரல் தானாகச் செய்து வந்த காரியம்.

இங்கே 6ஆம் தேதி மாலை எல்லாம் தயார், மேனேஜர் அனுமதியும் கொடுத்துவிட்டார், கடைசிப் பொத்தானில் டிஏசி கேட்கிறது. என் மலேசிய சிம் அணைந்து பெட்டிக்குள் கிடக்கிறது. நான் ஒரு கோயில் பிராகாரத்தில் இருக்கிறேன். மறுநாள் மதியம் மாமியார் வீட்டுப் போனுக்கு அழைப்பு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். சிம்மைப் போட்டு, ரோமிங் திறக்க அலைந்து, கடைசியில் 8ஆம் தேதி காலையில் சம்பளம் போனது. ஒரு நாள்தான் என்று அன்று எல்லாரும் சொன்னார்கள்.

இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த ஒரு குலை வெட்டும் ஆள், தாயார் மருத்துவமனையில் இருக்கிறார் என்று 7ஆம் தேதி பணத்துக்காக நின்றிருந்தார். ஆபிஸ் வாசலில் மாலை ஆறு மணி வரை நின்றாராம். நான் திரும்பி வந்த அன்று பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், என்னைப் பார்த்து, ‘விடுமுறை நல்லா இருந்ததா, காக் (அக்கா)?’ என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லை, உண்மையாகவே கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை நான் சேர்ந்தாற்போல் நாலு நாளுக்கு மேல் லீவு எடுத்ததில்லை.

அந்த ஏழு பக்கத்தை யாராவது படித்தார்களா? மூன்றாம் பக்கம் வரைக்கும் படித்தேன் அக்கா என்றார் எனக்குப் பதில் உட்கார்ந்தவர். அவர்மேல் குறை இல்லை. காலை ஐந்தரைக்குப் பெரட்டு, பத்து மணிக்கு லோரி, மதியம் மில்லிலிருந்து நிறுவைச் சீட்டு என்று ஓடிக்கொண்டிருப்பவர் எப்போது உட்கார்ந்து ஏழு பக்கம் படிப்பார்?

29 நவம்பர்

சரி, எழுதுவதில்லை என்றால் வேறு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்ததில் என் அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

எங்கள் தோட்டம் அப்போது ரப்பர். அம்மா பால்மரம் சீவினவர், எழுதப் படிக்கத் தெரியாது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் போக வேண்டும் என்றால், அவர் நிரையை, அவர் பங்கு மரங்களை, வேறு ஒருவர் சீவ வேண்டும். அம்மா மண்டோரிடம் சொல்லிவிட்டு அப்படியே போக மாட்டார். முந்தின நாள் விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போவார். உளியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் நிற்பார். இந்த மரத்துக்குப் பட்டை மெல்லிசு, ஆழம் போகாதே. இந்த மரத்துக்குப் பால் பிடிக்கிற மங்கு சரியாக நிற்காது, கம்பியை முறுக்கிவிடு. இது போன மாசம் காயம் பட்ட மரம், இதைத் தொடவே தொடாதே.

உளி ஆழமாக இறங்கி உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தைக் கிழித்துவிட்டால், அந்த இடத்தில் மறுபட்டை முண்டு முண்டாக வளரும். அடுத்த சுற்றில் அங்கே சீவவே முடியாது. நாலு நாள் லீவில் போனதற்கு வருஷக் கணக்கில் பால் குறையும். அதனால்தான் அம்மா வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், அந்த ஆளைச் சீவ வைத்துப் பார்த்தார். தவறு நடப்பதாக இருந்தால் தான் நிற்கும்போதே நடக்கட்டும் என்பது அவர் கணக்கு.

தம்பி, உனக்கு நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. நவம்பர் சம்பளம் டிசம்பர் 7க்குள் போட வேண்டும், 7 ஞாயிற்றுக்கிழமை, அதனால் வெள்ளிக்குள் முடிக்கப் பார்ப்பாய். இந்த நவம்பர் செக்ரோலை உனக்குப் பதிலாக வரப்போகிறவரே போடட்டும். முதல் பதிவு முதல் வங்கிக்கு அனுப்பும் கடைசிப் பொத்தான் வரை. நீ பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். மௌசைத் தொடாதே. அவர் எங்கே நின்று உன் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள். அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

2 டிசம்பர்

எங்கள் மண்டோர் ஒருவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். ‘கிராணியம்மா லீவு போட்டா குலையும் லீவு போட்டுட்டு மரத்துலயே உக்காந்திருந்தா நல்லாத்தான் இருக்கும்’ என்றார். சிரித்தேன். ஆனால் அது பெரிய உண்மை. பழுத்த குலையை விட்டால் உதிரும், வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். பத்துப் பதினாலு நாளுக்கு ஒரு சுற்று என்று வெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப சீட்டும் வந்துகொண்டே இருக்கும். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போகும் வேலை இல்லை நம்முடையது.

6 டிசம்பர்

தம்பி எழுதியதைப் படித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஸ்டோர் கிராணி நவம்பர் செக்ரோலைப் போட்டிருக்கிறார், நான்கு இடத்தில் நின்றிருக்கிறார். நான்கே நான்கு! இவன் எழுத நினைத்தது பத்துப் பக்கம்.

அந்த நான்கில் ஒன்றை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். மழையால் ஒரு ஆளுக்கு வெட்டு குறைந்து, குலைக் கணக்கில் மாதக் கூலி 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கீழே வந்திருக்கிறது. ஸ்டோர் கிராணி அதை அப்படியே விட்டுவிட்டார். துண்டு வேலைக்கும் மாதக் கூலி 1,700க்குக் குறையக் கூடாது, இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து அதுதான் குறைந்தபட்சச் சம்பளம். தம்பி ஒவ்வொரு மாதமும் அந்த வரிசையைக் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்து ஈடு கட்டி வந்திருக்கிறான். அவன் கண்ணில் இருந்த வேலை அது, எந்தக் கோப்பிலும் இல்லை. பக்கத்தில் உட்காராமல் இருந்திருந்தால் ஜனவரியில்தான் வெளியே வந்திருக்கும், அதுவும் அந்த ஆள் வந்து கேட்டால்.

இன்னும் இரண்டு, இவை செக்ரோலில் வராதவை.

பெர்மிட், வேலை அனுமதி. வெளிநாட்டுத் தொழிலாளி யாருக்காவது டிசம்பர், ஜனவரியில் பெர்மிட் முடிகிறதா என்று இன்றைக்கே பார். நீ மாமல்லபுரத்தில் கடல் பார்த்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஒருவர் ஒரே இரவில் சட்டத்துக்குப் புறம்பான ஆளாகிவிடுவார். அவர் தப்பு ஒன்றும் இருக்காது.

விபத்து. குலை வெட்டும்போது மட்டை விழும், முள் கண்ணில் படும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை அடிபட்டால் திங்கள்கிழமை மாலையோடு முடிந்தது. அந்த நேரத்தில் பாரத்தை நிரப்பப்போகும் ஆள் யார்? பெயரைச் சொல்லி முடிவு செய். ‘ஆபிசில் யாராவது’ என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

10 டிசம்பர்

போனை அணைத்து வைக்கலாமா வேண்டாமா என்று இங்கே மூன்று நாளாகச் சண்டை. நான் 2019க்குப் பிறகு ‘எப்போதும் திறந்திருக்க வேண்டும்’ என்ற கட்சி. அதனால்தான் தங்கச்சி மகன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் டீசல் டோக்கன் எங்கே இருக்கிறது என்று எனக்கு அழைப்பு வந்தது. எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினால் அட்சதை போட்டு முடித்துவிட்டார்கள். அந்தப் பையனை நான் மடியில் வைத்து மொட்டை அடித்தவள்.

அதனால் இப்போது இப்படி நினைக்கிறேன். திறந்திருக்கட்டும், ஆனால் எதற்கு அழைக்கலாம் என்று மூன்றே காரியத்தைப் பேசி வைத்துக்கொள். சம்பளம் 5ஆம் தேதி மதியம் வரை வங்கிக்குப் போகவில்லை என்றால். ஆளுக்கு அடிபட்டால். அரசாங்க அதிகாரி வாசலில் வந்து நின்றால். மற்றதெல்லாம் தேடி எடுத்துக்கொள்ளட்டும், கிடைக்காவிட்டால் 6ஆம் தேதி வரை காத்திருக்கட்டும். டீசல் டோக்கன் அன்று அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது, அதே மேசையின் இரண்டாவது இழுப்பறையில்.

டிஏசி பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். இப்போது வங்கிகள் அனுமதியைக் கைப்பேசிச் செயலிக்கு மாற்றிவிட்டன, ஒரே போனோடு கட்டிப் போட்டது மாதிரி. அது உன் போனாக இருந்தால், வேறு ஒருவருக்கும் அனுமதி உரிமை வாங்க வங்கியில் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும், கையெழுத்து, தீர்மானக் கடிதம் என்று நாள் எடுக்கும். 19ஆம் தேதி மாலை ஆரம்பிக்கிற வேலை இல்லை.

14 டிசம்பர்

லீவில் இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் போனால் அந்த நாள் எதில் கழியும் என்று கேட்டவருக்கு: முறையான மருத்துவச் சான்று இருந்தால் அது நோய் விடுப்பு. அந்த வருஷ லீவு எடுக்காததாகக் கணக்கு. சட்டத்திலேயே இருக்கிறது.

இதைப் பார்க்கப்போன இடத்தில் இன்னொன்றையும் திரும்பப் படித்தேன். இரண்டு வருஷத்துக்குக் கீழே 8 நாள், இரண்டு முதல் ஐந்து வரை 12, அதற்கு மேல் 16. சேர்ந்த லீவை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். எடுக்க வேண்டாம் என்று முதலாளி எழுத்தில் கேட்டு, நாமும் எழுத்தில் ஒத்துக்கொண்டால்தான் பணம். என்னை யாரும் எழுத்தில் கேட்டதில்லை. நானாகத்தான் எடுக்காமல் இருந்தேன். ஆறு வருஷம். எத்தனை நாள் என்று கூட்டிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

19 டிசம்பர், இரவு

பத்திரமாகப் போய் வா, தம்பி. அம்மாவுக்கு மாத்திரைச் சீட்டு, அப்பாவுக்குக் குளிர் தாங்கும் துணி. மார்கழிக் காலையில் கோயில் தரை சில்லென்று இருக்கும், காலுறை எடுத்துக்கொள்.

7 ஜனவரி 2026

தம்பி எழுதியிருக்கிறான், பார்த்திருப்பீர்கள். சம்பளம் 5ஆம் தேதி காலை பதினொரு மணிக்கே போய்விட்டது. பதினேழு நாளில் ஒரே ஒரு அழைப்பு. 28ஆம் தேதி ஒருவருக்குக் கண்ணில் முள் பட்டு, சொக்சோவுக்குத் தெரிவித்த பிறகு ‘தெரிவித்துவிட்டேன்’ என்று சொல்வதற்கான அழைப்பு. கேட்பதற்கு இல்லை. கண்ணுக்கும் ஆபத்து இல்லையாம், நல்ல வேளை.

இவன் வந்த விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். 6ஆம் தேதி மதியத்துக்கு மேல்தான் ஆபிசுக்கு வந்தானாம்.

10 ஜனவரி

அதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். லீவு பாரம் எடுத்தேன். பிப்ரவரி கடைசிக்குள் எல்லாருக்கும் வருமான வரிக்கான இஏ பாரம் கொடுத்தாக வேண்டும், அதை முடித்துவிட்டு, மார்ச் 15 ஈபிஎப்பையும் கட்டிவிட்டு, 16ஆம் தேதியிலிருந்து பத்து நாள். கும்பகோணம்தான். அன்று பாதியில் விட்ட கோயில் ஒன்று இருக்கிறது.

எங்கள் ஆபிசில் ஒரு பெண் இருக்கிறாள், வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம். ஜனவரி செக்ரோலை அவள் போடப்போகிறாள். நாற்காலியை இன்றைக்கே மாற்றிப் போட்டாயிற்று.

11 ஜனவரி

மேலே எழுதிய தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். பாரத்தைப் பார்த்ததும் அந்தப் பெண், ‘அக்கா, அந்த வாரம் நோன்புப் பெருநாள் வருதே’ என்றாள். மார்ச் 21 வாக்கில் பெருநாள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்தோனேசியர்கள், அட்வான்ஸ் கேட்பார்கள், ஊருக்குப் போகக் கடப்பிதழ் கேட்பார்கள், பெருநாளுக்கு முன்னால் ஒரு வாரம் ஆபிஸ் வாசலில் நிற்க இடம் இருக்காது. 27 வருஷமாகப் பார்க்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை, அவளுக்குப் பட்டது.

ஏப்ரல் 16 என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.